உயர்த்திய ஃபோர் வீல் டிரைவ் வேன்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

டென்வர், கொலராடோ

எங்கள் ஃபோர்டு ஈ-350 வேனை ஃபோர் வீல் டிரைவுக்கு மாற்றிச் சில கோடைகள் கடந்துவிட்டன. பெட்ரோல் நிலையமோ முகாம் மைதானமோ, வேனைச் சுற்றி வந்து பார்ப்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை அங்குலம் தூக்கியிருக்கிறீர்கள்?" எடையை எங்கே வைத்தீர்கள் என்றோ, ஸ்டீயரிங் கம்பிகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்றோ யாரும் கேட்பதில்லை. மலைப்பாதையில் வேனைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் இந்த இரண்டும்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஃபோர்டு நிறுவனம் ஈ-350 சேர்ந்த எக்கோனோலைன் வரிசையைத் தன் ஆலையில் ஃபோர் வீல் டிரைவாகச் செய்து விற்றதே இல்லை. பென்சில்வேனியாவில் க்விக்லி, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஸ்போர்ட்ஸ்மொபில் என்று தனியார் பட்டறைகள்தாம் அதைச் செய்து கொடுத்தன. மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர் இங்கே ஃபோர் வீல் டிரைவுடன் வந்தது 2015ஆம் ஆண்டு மாடலில். ஃபோர்டு டிரான்சிட் ஆல் வீல் டிரைவுடன் வந்தது 2020 மாடலில். அதற்கு முன் இப்படியொரு வேன் வேண்டும் என்றால் வெட்டி, ஒட்டி, மாற்றித்தான் ஆகவேண்டும்.

வேன் ஏன் உயர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். ஆலையிலிருந்து வரும்போது ஈ-350இன் முன்பக்கத்தில் இரண்டு தனித்தனி உத்தரங்கள் இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு, ஃபோர்டின் கனரக பிக்கப் வண்டிகளில் வரும் டானா 60 போன்ற ஒற்றை அச்சைப் பொருத்துகிறார்கள். அந்த அச்சின் நடுவே, சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் உருண்டையாகத் துருத்திக்கொண்டு இருக்கிறது. அதற்கு நேர் மேலே இன்ஜினின் ஆயில் தொட்டி. பள்ளத்தில் இறங்கும்போது அச்சு மேலே எழும்பினாலும் இரண்டும் இடித்துக்கொள்ளக் கூடாது. அந்த இடைவெளிக்காகத்தான் நான்கிலிருந்து ஆறு அங்குலம் உயர்த்த வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் தூக்குவதெல்லாம் பார்வைக்கு அழகு, ஓட்டுபவருக்குத் தொல்லை.

35 அங்குல டயர் போட்டோம். பழைய டயர் ஏறத்தாழ முப்பதரை அங்குலம். திருத்தாமல் விட்டால் மீட்டர் 60 மைல் காட்டும்போது வேன் 69 மைலில் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய டயரைச் சுழற்ற இன்ஜின் திணறும் என்பதால் டிஃபரன்ஷியல் பல்விகிதத்தையும் 4.10இலிருந்து 4.56 ஆக்கினோம். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு அச்சுகளும் ஒன்றை ஒன்று இழுக்கும்.

இனி எடை. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001இல் இதே இன வேன்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 15 பேர் அமரும் வேனில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், தனி வாகன விபத்துகளில் அது உருளும் விகிதம் ஆள் குறைவாக இருப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்றார்கள். காரணம் எளிது. ஆட்கள் ஏற ஏற எடையின் மையம் மேலேயும் பின்னாலேயும் நகர்கிறது. உயர்த்தாத வேனுக்கே இந்த நிலை என்றால், ஆறு அங்குலம் உயர்த்திய வேனின் கூரையில் உதிரி டயர், விறகு, தண்ணீர்க் கேன் என்று அடுக்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. எங்கள் தண்ணீர்த் தொட்டி 95 லிட்டர், நிறைந்தால் 95 கிலோ. அது தரையோடு தரையாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிறது. பாட்டரிகள் இருக்கைக்கு அடியில். அலமாரிகளின் மேல் தட்டில் துணி மட்டும். கூரையில் சோலார் தகடு, வேறொன்றும் இல்லை.

ஸ்டீயரிங் விஷயத்தை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். நெடுஞ்சாலையில் ஒரு பாலத்தின் இணைப்பைத் தாண்டிய நொடியில் முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கியது. ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த உலகம் இரண்டாகத் தெரிந்தது. வேகம் குறைந்து ஏறக்குறைய நிற்கும் வரை உதறல் அடங்கவில்லை. ஒற்றை அச்சு வண்டிக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். இங்கே 'மரண உதறல்' என்றே அதற்குப் பெயர். காட்டிய பட்டறையில், ஸ்டீயரிங்கின் அதிர்வை அடக்கும் டேம்பரை மாற்றினால் போதும் என்றார்கள். டேம்பர் உதறலை மறைக்கும், தீர்க்காது.

வீட்டு வாசலில் நாங்களே தேடினோம். சக்கரங்கள் தரையில் நிற்க, இன்ஜினை ஓடவிட்டு, என் மனைவி ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்தேன். பாதி விரல் ஒரு பாகத்திலும் பாதி விரல் அடுத்த பாகத்திலும் படும்படி வைக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். டை ராடு முனைகள் இறுக்கமாக இருந்தன. பால் ஜாயின்ட் நன்றாக இருந்தது. அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்து நிறுத்தும் டிராக் பாரின் மேல் போல்ட்டில் விரல் வைத்ததும் 'டக்' என்று ஒரு தட்டல். போல்ட்டைக் கழற்றினால் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. மயிரிழை அளவு இடைவெளிதான். அதுவே நான்கு டன்னை நெருங்கும் வண்டியை அப்படி ஆட்டியது. துளையைச் சீராக்கி, எஃகுக் குழல் செருகி, சரியான முறுக்கு அளவில் இறுக்கினோம். உதறல் அத்தோடு போயிற்று.

இன்னொன்று: டிராக் பாரும் ஸ்டீயரிங்கை அச்சோடு இணைக்கும் டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கவேண்டும். வேனை உயர்த்திவிட்டு ஒன்றை மட்டும் சரிசெய்தால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பும். மாற்றிய வேன் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் விளக்குகளையும் பார்ப்பதற்கு முன் கீழே குனிந்து இந்த இரண்டு கம்பிகளையும் பாருங்கள்.

இவ்வளவும் எதற்கு என்றால், ஆல்பைன் லூப்புக்காக. லேக் சிட்டி, யூரே, சில்வர்டன் ஊர்களை இணைக்கும் பழைய சுரங்கப் பாதைகள். சின்னமன் கணவாய் 12,640 அடி, எஞ்சினியர் கணவாய் 12,800 அடி. அந்த உயரத்தில் டர்போ இல்லாத எங்கள் பெட்ரோல் வி-10 இன்ஜின் தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. வேனின் முன் பின் சக்கரங்களுக்கிடையே மூன்றரை மீட்டர் நீளம் என்பதால், ஜீப்புகள் ஒரே மூச்சில் திரும்பும் கொண்டை ஊசி வளைவுகளில் நாங்கள் முன்னும் பின்னும் நகர்த்தித்தான் திரும்பினோம். மனைவி இறங்கி ஓரத்தில் நின்று கைகாட்டினாள். பாதை பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்திருக்கும் இடங்களில்தான் தரையோடு வைத்த அந்தத் தண்ணீர்த் தொட்டியின் அருமை தெரிந்தது.

ஜூலை இறுதியில், அதே வழியில் உள்ள அமெரிக்கன் பேசின் சரிவு முழுக்கக் காட்டுப் பூக்கள். அங்கே தங்கிச் சமைக்க நினைப்பவர்கள் குக்கர் கொண்டுபோங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வேக வெகு நேரமாகும்.

பர்னபி, பிரிட்டிஷ் கொலம்பியா

அண்ணா, உங்கள் வேனோடு ஒப்பிட்டால் எங்களுடையது சிறு வாகனம். மிட்சுபிஷி டெலிக்கா எல்400. யாழ்ப்பாணத்தில் சிறுவயதில் ஊரெல்லாம் டெலிக்கா வான் பார்த்து வளர்ந்தவன் நான். வன்கூவரிலும் தெருவுக்கு ஒன்று நிற்கும் என்று வரும்போது நினைக்கவில்லை. கனடாவில் 15 வருடம் பழைய வாகனத்தை யப்பானிலிருந்து இறக்கலாம். அமெரிக்காவில் 25 வருடம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் இங்கே இத்தனை டெலிக்கா.

இதன் சிறப்பு, ஆலையிலேயே ஃபோர் வீல் டிரைவ். பஜெரோவின் பாகங்கள். நடு டிஃபரன்ஷியல் இருப்பதால் மழை பெய்யும் தார் வீதியிலும் ஃபோர் வீலில் ஓடலாம். அகலம் 1.7 மீட்டருக்கும் குறைவு, காட்டுப் பாதைக்கு இதைவிட வசதி கிடையாது.

உயர்த்தும் விஷயத்தில் நீங்கள் சொன்னதை இங்கேயும் காண்கிறேன். முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி என்பதால், ஸ்பானர் ஒன்று இருந்தால் போதும், போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தை ஏற்றிவிடலாம். செலவே இல்லை. அதனால் பலரும் முறுக்குகிறார்கள். அதிகம் முறுக்கினால் சக்கரம் கீழே தொங்குவதற்கு இடமே மிஞ்சாது. சவாரி கட்டாந்தரையில் குதிப்பதுபோல் ஆகிவிடும். சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத் தண்டு அளவுக்கு மீறிய சாய்வில் சுழலும், அதன் ரப்பர் உறை கிழியும், உள்ளே மணல் போகும். நண்பர் ஒருவரின் வானில் உறை கிழிந்து கிரீஸ் சக்கரத்தின் உட்புறமெல்லாம் விசிறியடித்திருந்தது. சற்றே உயர்த்தி, நல்ல டயர் போட்டால் போதும்.

இன்னொரு அனுபவம். மரம் வெட்டும் காட்டுப் பாதைகளில் வலப்பக்க ஸ்டீயரிங் நன்மையாகவே இருக்கிறது. இங்கே வாகனங்கள் வலப்பக்கமாகப் போவதால் ஓட்டுநர் பாதை விளிம்பின் மேலேயே உட்கார்ந்திருப்பார். எதிரே மரம் ஏற்றிய லொறி வரும்போது சக்கரம் விளிம்பிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளி இருக்கிறது என்று கண்ணால் பார்த்து ஒதுங்கலாம். ஆனால் நெடுஞ்சாலையில் முந்திச் செல்வதற்கு இடப்பக்கம் இருக்கும் என் மனைவியின் கண்தான் எனக்குக் கண். அந்தப் பாதைகளுக்குப் போகிறவர்கள் வானொலிக் கருவி வைத்திருங்கள். நுழைவுப் பலகையில் அலைவரிசை எழுதியிருக்கும். எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தத் திசையில் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். லொறி ஓட்டுநர்கள் அதை நம்பித்தான் வளைவில் வருகிறார்கள்.

கோயம்புத்தூர்

நான் ஓட்டியவன் அல்லன், உட்கார்ந்து போனவன் மட்டுமே. ஐஸ்லாந்தில் தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்கு உயர்த்திய எக்கோனோலைன் வேனில் போனோம். டயர் என் இடுப்புக்கு மேல் இருந்தது. படியேறி உள்ளே போக ஒரு சிறு ஏணி.

வழியில் பாலமில்லாத ஆறுகள். கடைசியில் க்ரோஸா என்னும் ஆறு. பனியாற்றிலிருந்து வருவதால் தண்ணீர் பால் கலந்ததுபோல் இருக்கும், அடி தெரியாது. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தாமல் இறங்கிக் கரையோரமாக நடந்தார். குறுகலாகவும் அமைதியாகவும் இருந்த இடத்தை விட்டுவிட்டு, அகலமாகவும் சலசலப்பாகவும் இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு அது தலைகீழாகத் தோன்றியது. பிறகு விளக்கினார்: அகன்று சலசலக்கும் இடத்தில் ஆழம் குறைவு, அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் குழி. நீரோட்டத்தை எதிர்க்காமல், சற்றே கீழ்நோக்கிச் சாய்வாக, தாழ்ந்த கியரில், நிறுத்தாமல் கடந்தார். முன்னால் எழுந்த அலை வேனுக்கு முன்பே ஓடியது. மாலையில் திரும்பும்போது தண்ணீர் கண்ணெதிரே ஏறியிருந்தது. பகல் வெயிலில் பனி உருகுவதால் பிற்பகலில் ஆறு பெருகும் என்பதை அங்கேதான் அறிந்தேன்.

பனிப்படலத்தின் மேல் ஓட்டும்போது இதே டயரின் காற்றை இரண்டு மூன்று பிஎஸ்ஐ வரை இறக்கிவிடுவார்களாம். டயர் தட்டையாகிப் பனியில் புதையாமல் மிதந்து போகும்.

ஒரு கேள்வி. நம் ஊரில் டிராவலர் வேனை இப்படி மாற்ற முடியுமா?

டென்வர், கொலராடோ

கோவை நண்பருக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அச்சையே மாற்றும் வேலைக்கு அங்கே இறங்காதீர்கள். ஆசை இருந்தால் ஆலையிலேயே ஃபோர் வீல் டிரைவோடு வரும் வண்டி ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் எளிதில் கழற்றும்படி அமைத்துக்கொள்ளுங்கள். காற்றைக் குறைத்தாலே பாதி கஷ்டம் தீரும் என்பது நீங்கள் ஐஸ்லாந்தில் கண்டதுதானே. நாங்களும் கணவாய்ப் பாதையில் ஏறுமுன் 20 பிஎஸ்ஐக்கு இறக்குகிறோம். பல்லை நடுக்கும் கல்பாதை மெத்தென்று ஆகிவிடுகிறது.

பர்னபித் தம்பிக்கு: விளிம்பைப் பார்த்து ஒதுங்குவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் வலப்பக்க ஸ்டீயரிங்கின் மேல் எனக்கு ஆசையே வந்துவிட்டது. அச்சுத் தண்டின் உறையை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள்?

பர்னபி, பிரிட்டிஷ் கொலம்பியா

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அண்ணா. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து மடிப்புகளுக்கு இடையே பார்ப்பேன். வெடிப்பு மடிப்பின் அடியில்தான் தொடங்கும், மேலே பார்த்தால் தெரியாது. பிறகு மறுபக்கம் திருப்பி அதையே செய்வேன். மழைக்காலத்துக்கு முன் எப்படியும் ஒரு முறை பார்த்தாக வேண்டும், உறைக்குள் சேறு போய்விட்டால் தண்டின் மூட்டு முழுவதையும் மாற்ற வேண்டிவரும்.