டர்பன் கேரி ஆண்டர்சன்: ரக்பி கால், 23 சீசன், தவறிய அந்த ஒரு கிக்

குமரன் (சாட்ஸ்வொர்த்):
பள்ளி ரக்பியில் கம்பத்துக்கு அடிக்கிற 16, 17 வயசுப் பையன்களுக்காகக் கேட்கிறேன். கேரி ஆண்டர்சன் 1959-ல் நம் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட்டில் இருக்கிற பாரீஸில் (பிரான்ஸ் பாரீஸ் இல்லை!) பிறந்தவர். டர்பன் பிரெட்டன்வுட் பள்ளியில் படித்து அமெரிக்கா போனார். அங்கே 23 சீசன் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆடியிருக்கிறார். ரக்பி கிக்குக்கும் அங்கே உள்ள கிக்குக்கும் உண்மையில் எவ்வளவு தூரம்? 1998-ல் ஒன்றுகூட விடாதவர் அடுத்த மாதமே ஒன்றை விட்டாரே, அதற்குப் பிறகு எப்படி அத்தனை வருஷம் தாக்குப்பிடித்தார்? ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

பாலா (ஃபீனிக்ஸ்):
குமரன் அண்ணே, கம்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரக்பியில் அகலம் 5.6 மீட்டர், குறுக்குக் கட்டை 3 மீட்டர் உயரம். என்எஃப்எல்லில் 5.64, 3.05. கோணமும் அங்கே சுலபம். ரக்பியில் டச்லைன் (பக்கக் கோடு) ஓரத்தில் டிரை வைத்தால் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால்) அங்கிருந்தே அடிக்க வேண்டும். என்எஃப்எல்லிலோ ஒவ்வொரு ஆட்டமும் தொடங்குகிற இடத்துக்கு எல்லையான ஹேஷ் கோடுகளின் இடைவெளி கம்பத்தின் அகலமேதான், ஓரத்திலிருந்து அடிக்கிற பேச்சே இல்லை.

நேரத்தில்தான் சிக்கல். ரக்பி கன்வெர்ஷனுக்கு (டிரைக்குப் பிறகு அடிக்கிற கிக்) 60 விநாடி உண்டு. டீ என்கிற தாங்கியில் பந்தை நிறுத்தலாம், மூச்சு வாங்கலாம், கம்பத்தை நாலு தடவை பார்க்கலாம். அங்கே ஸ்னாப்பிலிருந்து (முன்னே நிற்பவர் பந்தைப் பின்னால் எறிவது) கால் படும்வரை சுமார் 1.3 விநாடி. பந்து 7 கஜம் பின்னால் பறந்து வரும், மண்டியிட்டவர் பிடித்துத் தரையில் ஊன்றித் தையலை முன்பக்கம் திருப்பணும். பந்து நிற்குமுன்னே கிக்கர் கிளம்பியாக வேண்டும். என்எஃப்எல் ஃபீல்டு கோலுக்கு (கம்பத்துக்கு நடுவே அடித்து மூன்று புள்ளி எடுக்கிற கிக்) டீ கிடையாது.

நம் பையன்கள் வழுக்குவது பாதையின் உயரத்தில். 6.4 மீட்டர் முன்னால் எதிரணியின் கைகள் 3 மீட்டர் வரை உயரும். அவர்கள் ஒரு கஜம் முட்டித் தள்ளி வந்துவிடுவார்கள், ஆகவே 30 டிகிரிக்கு மேல் பந்து எழும்பணும். ரக்பியில் தாழ்வாகப் பாய்கிற பந்தும் கட்டையைத் தாண்டினால் போதும். அங்கே அது நேரே கையில் மோதும்.

வழக்கமான அளவு: பந்திலிருந்து நேராக மூன்று எட்டு பின்னால், வலக்கால்காரர் இரண்டு எட்டு இடதுபுறம். ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தொட்டு ஒன்றேகால் சாண் தள்ளி, விரல் இலக்கை நோக்கி. கணுக்காலை இறுக்கிப் பாதத்தின் மேலெலும்பால் நடுவுக்குச் சற்றுக் கீழே அடிக்கணும். ஊன்றுகால் நெருங்கினால் இடுப்புக்கு இடமில்லாமல் பந்து வலதுபக்கம் தள்ளும். ரொம்பத் தள்ளி ஊன்றினால், அல்லது இடுப்பு முந்திச் சுழன்றால், இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

செல்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
தம்பி குமரன், அவரை 'அதிசயக் கால்' என்று சொல்லிப் பையன்களை ஏமாற்ற வேண்டாம். அவர் பலமே திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அடிப்பதுதான்.

தந்தை கால்பந்து (சாக்கர்) ஆடியவர், இவரும் அதில் ஊறியவர். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆடினார். 1982-ல் பஃபலோ பில்ஸ் அணி புது வீரர் தேர்வின் ஏழாம் சுற்றில் எடுத்து, சீசன் தொடங்குமுன்னே விட்டுவிட்டது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் பொறுக்கிக்கொண்டது, 13 வருஷம் வைத்துக்கொண்டது. அப்புறம் ஃபிலடெல்ஃபியா, சான் ஃபிரான்சிஸ்கோ, மின்னசோட்டா, டென்னசி. மொத்தம் 672-க்கு 538 ஃபீல்டு கோல், 827-க்கு 820 கூடுதல் புள்ளி (தொடுகோல், அதாவது டச்டவுனுக்குப் பிறகு அடிக்கிற ஒரு புள்ளிக் கிக்), ஆக 2434 புள்ளி.

கணக்குப் போடுங்கள்: 538-ஐ 672-ஆல் வகுத்தால் 80 சதவீதம். ஐந்தில் ஒன்று தப்பும் தொழில் இது. கூடுதல் புள்ளி அப்போது 20 கஜத்துக்குள் இருந்தது. 2015-லிருந்துதான் 33 கஜம் ஆனது. 820-ஐப் பார்த்து மயங்க வேண்டாம்.

1998, மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியில்: ஃபீல்டு கோல் 35-க்கு 35, கூடுதல் புள்ளி 59-க்கு 59. அந்த அணியில் கிக்காஃப் (ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற நீள உதை) வேலையை மிட்ச் பெர்கர் எடுத்துக்கொண்டார், பந்தை ஊன்றிப் பிடித்ததும் அவரே. 39 வயசுக் காலுக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு! கிக்கர்களுக்கென்று தனிப் பந்து வந்தது 1999-ல்தான். அதற்குமுன் பந்தைத் தேய்த்துப் பதப்படுத்தி மெத்தென்று ஆக்கிக்கொள்கிற வழக்கம் லீக் முழுக்க இருந்தது.

இனி அந்தக் கிக். 1999 ஜனவரி 17, மெட்ரோடோம். கூரை போட்ட மைதானம், காற்றைக் குற்றம் சொல்ல முடியாது. வைக்கிங்ஸ் 27, எதிரணி ஃபால்கன்ஸ் 20. இரண்டு நிமிஷமும் கொஞ்சமும் மிச்சம். 38 கஜம், நம் கணக்கில் 35 மீட்டர். இடப்பக்கம் போய்விட்டது. 49 விநாடி இருக்கையில் ஃபால்கன்ஸ் சமன் செய்தது, கூடுதல் நேரத்தில் அவர்களின் கிக்கர் மார்ட்டன் ஆண்டர்சன் (வேறு ஆள்) அதே 38 கஜத்தில் அடித்து 30-27 ஆக்கினார்.

இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. அது போயிருந்தால் 30-20, ஆட்டம் முடிந்திருக்கும், சரி. ஆனால் தொடுகோலை விட்டது தடுப்பாட்டம். கூடுதல் நேரத்தில் பந்து கையிலிருந்தும் முன்னேற முடியாமல் போனது தாக்குதல் வரிசை. தலையில் விழுந்தது மட்டும் ஒரே ஆள் பெயர்.

அதற்குப் பிறகு ஆறு சீசன் ஆடினார். 2003-ல் டென்னசி கிக்கர் ஜோ நெட்னிக்கு முழங்கால் போனபோது 44 வயசில் அழைத்தார்கள். 2004 ஜனவரி 3, பால்டிமோர் ரேவன்ஸ் மைதானம், 29 விநாடி மிச்சம், 46 கஜம், உள்ளே! 20-17. போன கிக்கை இன்றைய கிக்கோடு சேர்க்காதவருக்குத்தான் இது வரும்.

ரவி (டொங்காட்):
அக்கா சொன்னதோடு ஒன்று: 70-களில் பிரெட்டன்வுட் வெள்ளையர் பள்ளி. நம் பிள்ளைகளுக்குக் கரீஸ் ஃபவுண்டன்தான் மைதானம். 'டர்பன் பையன்' என்று பெருமைப்படும்போது இதையும் பையன்களிடம் சொல்லுங்கள், அண்ணே.

ஓய்வுக்குப் பிறகு அவர் போனது கனடாவின் கேன்மோர், பொய் ஈ கட்டித் தூண்டில் வீசும் ஃப்ளை ஃபிஷிங் வழிகாட்டித் தொழிலுக்கு. போ ஆறு அந்த ஊர் வழியாகவே ஓடுகிறது. டிரவுட் மீனுக்கு அங்கே 9 அடி, 5-ம் எண் தூண்டில்கோல் போதும். வீச்சைப் பின்னால் ஒரு மணி நிலையில் நிறுத்தி, முன்னால் பத்து மணியில் நிறுத்தணும். கை பலத்தால் அடித்தால் நூல் சுருண்டு காலடியிலேயே விழும். அண்டர்பெர்க் பக்கம் மீன் பிடிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கால் பந்தை அடிப்பதும் அப்படித்தான், வீச்சு ஒழுங்காக இருந்தால் பலம் தானே வரும்.

குமரன்:
நன்றி எல்லாருக்கும். இப்போது ஆரம்பித்தால் பாதை உண்டா?

பாலா:
உண்டு. என்எஃப்எல்லின் சர்வதேச வீரர் பாதைத் திட்டம் 2017-லிருந்து இருக்கிறது. அயர்லாந்தில் கேலிக் கால்பந்து கோல்கீப்பராக இருந்த சார்லி ஸ்மித் அதன் வழியாக 2024-ல் நியூ ஆர்லியன்ஸில் ஒப்பந்தமானார். அதுவரை: டீ வேண்டாம், ஆள் பிடிக்கட்டும். 18 மீட்டரில் தொடங்கி, பத்துக்கு எட்டு விழுந்தால் மட்டும் இரண்டிரண்டு மீட்டராகப் பின்னால் போங்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு 30, 40 கிக், அதற்குமேல் போனால் தொடையிடுக்கில் தசை பிடிக்கும். டர்பனில் பிற்பகல் வடகிழக்குக் காற்று எழும் முன்னே, காலையிலேயே முடித்துவிடுங்கள். பந்தையும் மறக்காதீர்கள்: ரக்பிப் பந்தில் காற்றழுத்தம் 9.5 முதல் 10 பிஎஸ்ஐ, அவர்கள் பந்தில் 12.5 முதல் 13.5. முதல் வாரம் பாதம் எரியும்.