பெங்களூரு லேப் நண்பர்களே, இன்ஹிபிட்டர் அனுபவங்களை எழுதுங்கள்

ஹெப்பாலிலிருந்து:

செல்லுக்குள் ஒரு புரதத்துக்கு என்ன வேலை என்று தெரிய வேண்டுமா, அதை நிறுத்திவிட்டு என்ன கெடுகிறது என்று பார்க்க வேண்டும். ஜீனை எடுத்துவிட்டால் செல் சில நாட்களில் சுதாரித்துக்கொண்டு மாற்று வழி தேடிவிடுகிறது. இன்ஹிபிட்டர், அதாவது புரதத்தைத் தடுக்கும் மருந்து, அப்படி இல்லை. சேர்த்த சில நிமிடங்களில் புரதம் நிற்கும். பல மருந்துகளைக் கழுவி எடுத்தால் பழையபடி வேலையும் தொடங்கும். அதனால்தான் ஜீனை வெட்டும் கிரிஸ்பர் கருவி வந்த பிறகும் எங்கள் ஃப்ரீசரில் இன்ஹிபிட்டர் பெட்டிகளுக்குத் தனி அடுக்கு இருக்கிறது.

எங்கள் லேபில் மதுரைக்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார். வளர்ச்சிக் காரணியைச் சேர்த்ததும் ஒரு புரதம் செல்லின் ஓரத்துக்கு ஓடி, பச்சையாக மெல்லிய வளையம் கட்டுவதை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கைனேஸ் என்றால் மற்ற மூலக்கூறுகளில் பாஸ்பேட்டை ஒட்டும் என்சைம். அதில் ஒரு வகையான பிஐ3 கைனேஸைத் தடுக்கும் எல்ஒய்294002 மருந்தை 50 மைக்ரோமோலார் சேர்த்தார். வளையம் வரவே இல்லை. அப்படியென்றால் பிஐ3 கைனேஸ்தான் இந்தப் புரதத்தை ஓரத்துக்கு அழைக்கிறது என்று லேபில் எல்லோருக்கும் சந்தோஷம்.

கைடு மட்டும், "வோர்ட்மேனின் போட்டுப் பார்த்தியாப்பா?" என்று கேட்டார். அதுவும் பிஐ3 கைனேஸைத்தான் தடுக்கும். ஆனால் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது, அமைப்பே வேறு. 100 நானோமோலாரில் போட்டபோது வளையம் ஜம்மென்று வந்தது! மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று, புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்தோம். பிஐ3 கைனேஸ் வேலை செய்தால்தான் ஏகேடி புரதத்தில் பாஸ்பேட் ஏறும். அந்தப் பாஸ்பேட் பட்டை சுத்தமாகக் காணோம். அதாவது பிஐ3 கைனேஸ் நன்றாகவே நின்றிருக்கிறது, ஆனாலும் வளையம் வருகிறது. அப்புறம் எல்ஒய்303511 போட்டோம். எல்ஒய்294002-வின் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும், ஆனால் பிஐ3 கைனேஸைத் தொடாது. அதைப் போட்டாலும் வளையம் காணாமல் போனது. இந்த இரண்டு எல்ஒய் மருந்துகளுமே சிகே2 என்ற வேறொரு கைனேஸைத் தடுக்கும். கேள்வி அந்தப் பக்கம் திரும்பியது. தம்பியின் ஆராய்ச்சிக்கு உண்மையான ஆரம்பம் அந்த வாரம்தான் என்று நான் நினைக்கிறேன்.

இது புதுச் சங்கதியும் இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீயில் பிலிப் கோஹனின் குழு, எல்லோரும் பயன்படுத்தும் கைனேஸ் தடுப்பான்களை வரிசையாகச் சோதித்து 2000-லேயே வெளியிட்டுவிட்டது. பிகேஏ என்ற கைனேஸுக்கென்றே எல்லோரும் வாங்கும் எச்-89 மருந்து, ராக்-2, எம்எஸ்கே1, எஸ்6கே1 ஆகிய வேறு கைனேஸ்களையும் அதற்குச் சற்றும் குறையாமல் தடுக்கிறது என்று அதில் இருக்கிறது. இன்றைக்கும் எச்-89 ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'இது பிகேஏ-வின் வேலை' என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. அமைப்பில் வேறுபட்ட இரண்டாவது மருந்து வேண்டும். வேலை செய்யாத சகோதர மூலக்கூறு வேண்டும். முடிந்தால் அந்த மருந்து ஒட்டாதபடி மாற்றிய புரதத்தைச் செல்லில் வைத்து, மருந்து இருக்கும்போதே வேலை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம், ஆனால் அதை மிஞ்சிய சாட்சி கிடையாது.

யஷ்வந்த்பூரிலிருந்து:

அண்ணா, நான் மைக்ரோஸ்கோப் பக்கம். எனக்கு மறக்க முடியாதது பிளெபிஸ்டேடின். செல்லை இறுகவைக்கும் மயோசின்-2 புரதத்தை நிறுத்தும் மருந்து, 2003-இல் வெளிவந்தது. செல் இரண்டாகப் பிரியும் கடைசிக் கட்டத்தில், நடுவில் இறுகும் வளையம் நின்றுபோவதை அதை வைத்துப் பார்க்கலாம். பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதம் போட்ட செல்களை 488 நானோமீட்டர் நீல லேசரில் தொடர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தோம். லேசர் பட்ட சதுரத்துக்குள் இருந்த செல்கள் மட்டும் மெல்ல மறுபடி இறுகத் தொடங்கின. அதே தட்டில் பக்கத்தில் இருந்தவை தளர்ந்தபடியே கிடந்தன. நீல ஒளி பட்டால் இந்த மருந்து செயலிழந்துவிடும், போதாததற்குச் செல்லுக்கு நஞ்சாகவும் மாறும். இப்போது சிவப்பு நிறப் புரதத்துக்கு மாறிவிட்டோம். நீலத்தில்தான் படம் எடுத்தாக வேண்டும் என்றால் பாரா-நைட்ரோ பிளெபிஸ்டேடின் வாங்குங்கள், ஒளியைத் தாங்குகிறது.

மல்லேஸ்வரத்திலிருந்து:

என் ஊர் மூலனூர் பக்கம். எங்கள் காட்டில் கண்வலிக்கிழங்குதான், அதாவது செங்காந்தள். பூ விரிந்ததும் காலையில் ஒவ்வொன்றாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைப்போம், அப்போதுதான் காய் நன்றாகப் பிடிக்கும். விதையில் இருக்கும் கால்ச்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காகத்தான் வியாபாரி வருவார். பெங்களூருக்கு வந்து லேபில் சேர்ந்த பிறகுதான் அந்தக் கால்ச்சிசின் செய்த பெரிய காரியம் எனக்குத் தெரிந்தது. 1967-இல் சிகாகோவில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த கால்ச்சிசினைக் கொடுத்து, அது எதில் ஒட்டுகிறது என்று தேடினார்கள். பிரியும் செல்களிலும், விந்தணு வாலிலும், மூளைத் திசுவிலும் ஒரே புரதம் அதைப் பிடித்துக்கொண்டது. பின்னாளில் டியூபுலின் என்று பெயர் பெற்றது அதுதான். புரதம் தெரிந்து மருந்து தேடவில்லை, மருந்தை வைத்துத்தான் புரதத்தையே கண்டுபிடித்தார்கள். எங்கள் வயலில் விளைவதற்கு இப்படி ஒரு வரலாறு இருப்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் மருந்தைக் கழுவி எடுத்து, டியூபுலினால் ஆன மைக்ரோடியூபுல் இழைகள் திரும்ப வளர்வதைப் பார்க்க வேண்டுமானால் கால்ச்சிசின் சரிவராது, டியூபுலினை லேசில் விடாது. அதற்கு நொகோடசோல் எடுங்கள்.

ஹெப்பாலிலிருந்து:

தங்கச்சி, இது எனக்குப் புதுச் செய்தி. நன்றி.

தனிச் செய்தியில் ஒருவர், டிசம்பரில் மட்டும் தன் டோஸ் ஏறுமாறாக வருகிறது என்று கேட்டிருந்தார். முதலில், மருந்தைக் கரைத்து வைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ-வைப் பாருங்கள். அது 18.5 டிகிரியிலேயே உறையும். நம் ஊரில் குளிர்கால ராத்திரி அதற்கும் கீழே போகும், காலையில் பாட்டில் மேஜையிலேயே கட்டியாக நிற்கும். அதில் கரைத்து வைத்த மருந்து ஸ்டாக் முழுவதும் உருகிக் கலந்த பிறகுதான் பிப்பெட்டை வைக்க வேண்டும். பிறகு செல் தட்டில் மருந்து சேர்த்த குழியை ஒருமுறை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஊசி ஊசியாகப் படிகம் தெரிந்தால் மருந்து, செல் வளரும் திரவமான மீடியாவில் கரையவில்லை. நீங்கள் நோட்டில் எழுதிய டோஸ் செல்லுக்குப் போய்ச் சேரவே இல்லை. டைனமின் புரதத்தைத் தடுக்கும் டைனசோர் மருந்தைப் பயன்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள், அதைச் சீரம் இல்லாத மீடியாவில் மட்டும் கொடுங்கள். சீரத்தில் உள்ள புரதங்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும்.