ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாலுண்ணி: சுரண்டி எடுப்பதா, தானாக உதிர விடுவதா?

கோவைத் தாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது. சில மாதங்களுக்கு முன் அவளுடைய வலது அக்குளை ஒட்டி, முத்துப் போல மினுங்கும் இரண்டு மூன்று சிறு பருக்கள் தோன்றின. வலி, காய்ச்சல் எதுவும் இல்லை. இப்போது அவை விலாப்புறத்திலும் கையின் உட்பக்கத்திலும் பரவி இருபதைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு குழி தெரிகிறது. பிறந்த சில மாதங்களிலிருந்தே அவளுக்குக் கரப்பான் உண்டு; முழங்கை மடிப்பில் தோல் வறண்டு எப்போதும் சொறிந்துகொண்டிருப்பாள்.

தோல் மருத்துவர் ஒருவர் இதை மொலஸ்கம் கன்டேஜியோசம், அதாவது பாலுண்ணி, என்று கூறி, மரத்துப்போகச் செய்யும் க்ரீமைத் தடவிச் சுரண்டி எடுத்துவிடலாம் என்றார். எங்கள் குழந்தைநல மருத்துவரோ, எதுவும் செய்ய வேண்டாம், தானாக மறைந்துவிடும் என்கிறார். அம்மான் பச்சரிசிச் செடியின் பாலை வைத்தால் உதிர்ந்துவிடும் என்பது என் மாமியாரின் கருத்து. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் செலுத்துவதாகவும் அவர் நேர்ந்துகொண்டிருக்கிறார். இதற்கிடையே, குணமாகிவிட்டது என்று மருத்துவச் சான்றிதழ் தந்தால்தான் வகுப்பில் உட்கார வைப்போம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இரண்டு வயதுத் தம்பியும் இருக்கிறான்.

சிகிச்சை செய்வதா, காத்திருப்பதா? தழும்பு விழுமா? தம்பிக்கு ஒட்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? விவரம் அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெல்லைச் சீமையான்

சகோதரி, தங்கள் மாமியார் சொல்வதை ஒதுக்கிவிட வேண்டாம். என் அண்ணன் மகனுக்குக் கழுத்தில் இதே போன்ற பாலுண்ணிகள் ஓராண்டுக்கு மேல் இருந்தன. அம்மான் பச்சரிசியின் காம்பை ஒடித்து, வடியும் பாலை அவற்றின் மீது மட்டும் தொட்டு வைத்து வந்தோம். சில வாரங்களில் ஒன்றுகூட இல்லாமல் உதிர்ந்துவிட்டன. செலவில்லாத வைத்தியம் என்பதாலேயே படித்தவர்கள் இதை மதிப்பதில்லை.

மதுரை தோல் மருத்துவர்

அம்மா, நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய இயலாது என்றாலும், தாங்கள் விவரிப்பது மொலஸ்கத்துக்கு அப்படியே பொருந்துகிறது. பெரியம்மை வைரஸ் சேர்ந்த அதே பெரிய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸால் இது வருகிறது. அந்தப் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. இந்த வைரஸ் தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போவதில்லை, இரத்தத்தில் கலப்பதில்லை, மறைந்த பிறகு உடலில் பதுங்கியிருப்பதும் இல்லை. தொற்று ஏற்பட்டு இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரை கழித்தே பரு வெளியே தெரியும் என்பதால், யாரிடமிருந்து ஒட்டியது என்று தேடுவதில் பயனில்லை.

எவ்வளவு காலம் இருக்கும் என்பதுதான் பெற்றோர் அனைவரும் கேட்கும் கேள்வி. பிரிட்டனில் 4 முதல் 15 வயது வரையுள்ள 306 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், முழுவதும் மறையச் சராசரியாக 13 மாதங்கள் ஆயின. ஆனால் சராசரியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது முறையாகாது: 18 மாதங்கள் கழிந்த பின்னும் நூற்றுக்கு 30 பேருக்கும், இரண்டாண்டுகள் கழிந்த பின்னும் 13 பேருக்கும் பருக்கள் இருந்தன. ஆகவே தானாகப் போகும் என்ற குழந்தைநல மருத்துவரின் சொல் உண்மை; அடுத்த மாதமே போய்விடும் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

தானாக மறையும் நோய்க்கு ஒரு குணம் உண்டு. மறையும் தறுவாயில் எதைப் பூசியிருந்தோமோ, யாரை வேண்டியிருந்தோமோ, பெருமை அதற்கே போய்ச் சேரும். நெல்லை நண்பர் கூறிய பையனுக்கு ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு பால் வைத்திருக்கிறார்கள். அது உதிரும் காலமும் அதுவே. இதை நாட்டு வைத்தியத்துக்கு எதிராகச் சொல்கிறேன் என்று அவர் எண்ண வேண்டாம். எங்கள் மருந்துக்கடைச் சரக்குக்கும் இதே சோதனை பொருந்தும். இமிக்விமோட் என்ற க்ரீமைப் பல ஆண்டுகளாகத் தோல் மருத்துவர்கள் இந்த நோய்க்கு எழுதி வந்தோம். இரண்டு முதல் 12 வயதுக்குட்பட்ட 702 குழந்தைகளிடம் இரண்டு ஆய்வுகளாக அதைச் சோதித்தபோது, மருந்து பூசியவர்களில் இரண்டிலும் நூற்றுக்கு 24 பேருக்கு முழுவதும் மறைந்தது; மருந்தே இல்லாத வெறும் க்ரீமைப் பூசியவர்களில் ஓர் ஆய்வில் 26 பேருக்கும் மற்றதில் 28 பேருக்கும் மறைந்தது. அதாவது விலையுயர்ந்த அந்த மருந்து ஒன்றும் செய்யவில்லை, காலம்தான் செய்தது. தங்களுக்கு யாராவது அதை எழுதித் தந்தால் வாங்க வேண்டாம்.

அம்மான் பச்சரிசிப் பாலைப் பற்றி என் கவலை வேறு. பால் வடியும் செடிகளின் பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகலாம். ஐந்து வயதுக் குழந்தை தடவிய இடத்தைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்காது என்று எவரும் உறுதி கூற முடியாது. எருக்கம்பால் இன்னும் மோசம். சேராங்கொட்டையையும், சுண்ணாம்போடு சலவைச் சோடாவைக் குழைத்த கலவையையும் வைத்துத் தோல் வெந்த நிலையில் வரும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். பாலுண்ணி தழும்பில்லாமல் போயிருக்கும். இவை விட்ட தழும்பு போகாது. கோயில் நேர்ச்சையில் மருத்துவ ரீதியாக எந்த ஆட்சேபமும் இல்லை, மாமியார் மனநிறைவோடு செலுத்தட்டும்.

இனிச் சிகிச்சைக்கு வருகிறேன். சுரண்டி எடுப்பது உடனே பலன் தரும் முறைதான். ஆனால் குழந்தை பயந்து அலறும்படி பிடித்து வைத்துச் செய்யும் காரியமாக அது ஆகிவிடக் கூடாது. லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த மரப்பு க்ரீமைத் தடவி, மேலே ஒட்டுத்தாள் மூடி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகே தொட வேண்டும். ஒன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு, எடை 10 கிலோவுக்கு மேல் இருந்தாலும், மொத்தம் 10 கிராம் க்ரீமுக்கும் 100 சதுர செ.மீ. பரப்புக்கும் மிகக் கூடாது. மிகுந்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறையலாம். கரப்பான் உள்ள தோல் இந்த க்ரீமை வேகமாக உறிஞ்சும் என்பதால் தங்கள் மகளுக்கு இன்னும் கவனம் தேவை. அக்குள், விலா, கை என்று இருபதுக்கு மேல் பரவியிருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே அமர்வில் எடுக்க நான் விரும்பமாட்டேன். உடையில் உரசிப் புண்ணாகும் நாலைந்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவைப்பதும் முறையான சிகிச்சையே. அத்தனையையும் எடுத்தாலும், தோலுக்கடியில் அரும்பிக்கொண்டிருப்பவை அடுத்த வாரங்களில் வெளிவரக்கூடும்.

திரவ நைட்ரஜனால் உறைய வைக்கும் முறையை நம் நிறத் தோலுள்ள சிறு குழந்தைகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வலிக்கும், வெளிறிய புள்ளிகள் பல மாதங்கள் நிற்கும். பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒவ்வொரு பருவின் உச்சியிலும் நுனிக்குச்சியால் தொட்டு வைத்து, அது சிவந்தவுடன் நிறுத்திவிடும் முறை நம் நாட்டில் பரவலாக உள்ளது. மருத்துவர் ஒருமுறை செய்து காட்டிய பிறகு வீட்டில் செய்யலாம். முகத்தில் கூடாது, எரிச்சலும் சிறிது நிறமாற்றமும் இருக்கும். அமெரிக்காவில் இரண்டு மருந்துகள் இந்நோய்க்கென்றே ஒப்புதல் பெற்றுள்ளன: மருத்துவரே தடவிக் கொப்புளம் எழச் செய்யும் 0.7 சதவீதக் கேந்தரிடின் 2023இலும், வீட்டிலேயே தினமும் பூசும் பெர்டசைமர் ஜெல் 2024இலும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு தாங்கள் செய்ய வேண்டியது கரப்பானை அடக்குவது. சொறியும் நகம்தான் வைரஸை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்தில் நடுகிறது. நாளுக்கு இரண்டு முறை, குறிப்பாகக் குளித்த ஈரம் காயுமுன், வாசனையில்லாத ஈரப்பத க்ரீமைத் தாராளமாகத் தடவுங்கள். சிவந்து அரிக்கும் கரப்பான் பகுதிக்கு மருத்துவர் எழுதும் மிதமான ஸ்டிராய்டு க்ரீமைச் சில நாட்கள் பூசலாம்; பாலுண்ணி பெருகிவிடுமோ என்று அஞ்சி அதைத் தவிர்த்தால் சொறிதல் நிற்காது. ஆனால் மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும், ஸ்டிராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கலவைக் களிம்புகளை மட்டும் வீட்டில் சேர்க்காதீர்கள்.

தம்பியைப் பொறுத்தவரை, துண்டு, உடை, உடல் தேய்க்கும் நார் ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும். நலங்கு மாவோ கடலை மாவோ போட்டு அழுத்தித் தேய்ப்பதைப் பரு உள்ள இடத்தில் நிறுத்திவிடுங்கள். இருவரையும் ஒரே தொட்டியில் குளிக்க வைக்காதீர்கள். நான் சொன்ன ஆய்வில், வீட்டில் வேறு குழந்தைகள் இருந்த குடும்பங்களில் நூற்றுக்கு 41இல் அவர்களுக்கும் வந்தது. எனவே தம்பிக்கு வந்தாலும் தங்கள் கவனக்குறைவு என்று வருந்த வேண்டாம்.

லண்டன் ஈழத்துத் தந்தை

நாங்கள் இருக்கும் இங்கிலாந்தில், நலமாக உள்ள குழந்தைக்கு இந்த நோய்க்குக் குடும்ப மருத்துவர் பெரும்பாலும் சிகிச்சையே தருவதில்லை. எங்கள் மகனுக்கும் காத்திருக்கத்தான் சொன்னார்கள். காத்திருந்தோம், போய்விட்டது, தழும்பும் இல்லை. இருப்பினும் காத்திருப்பது சுலபமான காரியம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நீச்சல் வகுப்பில் உடை மாற்றும்போது மற்றப் பிள்ளைகள் விலகிப் போவதைப் பார்த்து அவன் சட்டையைக் கழற்றவே மறுத்த நாட்கள் உண்டு. மருத்துவர் ஐயா எடுத்துக்காட்டிய அதே ஆய்வில், ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தையின் அன்றாட வாழ்க்கையை இந்த நோய் மிகக் கடுமையாகப் பாதித்ததாகவும் பதிவு இருக்கிறது. ஆகவே முடிவெடுக்கும்போது பருக்களை மட்டும் எண்ணாமல் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் மகனுக்கு, நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, தனித் துண்டும் கொடுத்து நீச்சலுக்கு அனுப்பினோம். பயிற்சியாளர் அதை ஏற்றுக்கொண்டார்.

கோவைத் தாய்

அனைவருக்கும் மிக்க நன்றி. மகளிடம் கேட்டேன், அவளுக்குப் பருவைப் பற்றிக் கவலையே இல்லை, ஊசி போடுவார்களா என்பதுதான் கவலை. ஆகவே இப்போதைக்குச் சுரண்ட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மாமியாரும் பால் வைப்பதை நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டார். ஆனால் நேற்று முதல் விலாவில் உள்ள நான்கைந்து பருக்கள் சிவந்து வீங்கியிருக்கின்றன. சீழ் பிடித்துவிட்டது என்று மருந்துக்கடைக்காரர் ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுத்தார். கொடுக்கலாமா? பள்ளிக்கு என்ன சொல்வது?

மதுரை தோல் மருத்துவர்

இப்போதே கொடுக்க வேண்டாம். இந்த வைரஸ் நம் நோய் எதிர்ப்பு அமைப்பின் கண்ணில் படாமல் இருக்கச் சில புரதங்களைச் சுரந்துகொள்கிறது. அதனால்தான் மாதக்கணக்கில் பரு சிவக்காமல், வலிக்காமல் மினுங்கிக்கொண்டிருக்கிறது. உடல் அதை அடையாளம் கண்டுகொண்டவுடன் திடீரென்று சிவந்து, வீங்கி, சில சமயம் சீழ் கோத்தது போலவும் தோன்றும். பெரும்பாலும் அது மறையத் தொடங்குவதன் அறிகுறி. குழந்தை விளையாடிக்கொண்டு, காய்ச்சலின்றி, சிவப்பு அந்தப் பருவைச் சுற்றி மட்டும் இருந்தால், ஈரத்துணி ஒத்தடம் போதும். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு சுற்றியுள்ள தோலில் பரவிக்கொண்டே போனாலோ, தொட்டால் சூடாகவும் கடும் வலியாகவும் இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணிமையில் ஒரு பரு வந்து கண் சிவந்தாலும் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பருக்கள் நூறைத் தாண்டினாலோ, வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக வளர்ந்தாலோ எதிர்ப்பு சக்தியைச் சோதிக்க வேண்டியிருக்கும். தங்கள் மகளுக்கு இப்போது அந்தத் தேவை இல்லை.

பள்ளிக்குக் குணமடைந்த சான்றிதழை யாராலும் இப்போது தர இயலாது. தரும் நாளுக்காகக் காத்திருந்தால் குழந்தை ஒரு வகுப்பையே இழந்துவிடுவாள். அதற்குப் பதிலாக, இது மொலஸ்கம் கன்டேஜியோசம், சின்னம்மையோ தட்டம்மையோ அன்று, பருக்கள் உடைக்குள் மூடியிருக்கும் வரை வகுப்பிலிருந்து விலக்கி வைக்கத் தேவையில்லை என்று தங்கள் குழந்தைநல மருத்துவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சுகாதாரத் துறைகள் பள்ளிகளுக்குக் கூறும் அறிவுரையும் இதுவே. கையின் உட்பக்கத்தில் உள்ளவற்றுக்கு முழுக்கைச் சட்டை அணிவியுங்கள். வெயிலில் அது புழுக்கமாக இருந்தால், பருவின் மேல் மட்டும் சிறு பிளாஸ்டர் ஒட்டி, தினமும் குளித்த பின் மாற்றினால் போதும்.