மறு: டெத் மெட்டலில் 'வேகம்' – தனிச்சொல் தேவையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

டெத் மெட்டல் (உறுமல் குரலும் அதிவேக டிரம்மும் கொண்ட கனத்த ராக் இசை) காதுக்கு எவ்வளவு வேகமாக, எவ்வளவு தீவிரமாகத் தோன்றுகிறது என்பதைச் சொல்லத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில், இதுவரை உணர்வேகம், கேள்விரைவு, செறிவு, வீறு என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்குமே எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு, என் பங்குக்கு ஒரு சொல்லையும் வைக்கிறேன். டெத் மெட்டல் என்ற பெயரையே தமிழாக்கும் முயற்சியை மட்டும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். 'சாவுலோகம்' என்று எழுதினால் படிப்பவர்கள் எமலோகத்துக்குப் பக்கத்து ஊர் என்றுதான் நினைப்பார்கள்.

> வேகமாக வாசித்தால் வேகமாகக் கேட்கிறது. இதற்கு எதற்குத் தனிச்சொல்? டெம்போவுக்குக் காலப்பிரமாணம் என்று ஏற்கெனவே இருக்கிறதே.

டெம்போவுக்கு, அதாவது பாட்டின் அடிப்படைத் துடிப்பின் வேகத்துக்கு, அது இருக்கட்டும், மறுப்பில்லை. ஆனால் முதல் வாக்கியம் சரியில்லை. மெட்ரோனோம் (தாளத்தைச் சொடுக்கிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 240 சொடுக்கு என்று ஓடுகிறது, ஒரு சொடுக்குக்கு நான்கு அடி விழுகிறது என்றால் நொடிக்கு 16 அடி. இதையே 120 சொடுக்கு, சொடுக்குக்கு எட்டு அடி என்று எழுதினாலும் அதே 16 தான். ஆக, பாட்டின் பக்கத்தில் போட்டிருக்கும் டெம்போ எண் எழுதுபவரின் வசதி. நொடிக்கு இத்தனை அடி என்பதை அடிவீதம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

சிக்கல் இனிமேல்தான். பிளாஸ்ட் பீட் என்ற அதிவேகத் தாளத்தில் ஸ்நேரும் (குச்சியால் அடிக்கும் கூர்மையான டிரம்) பேஸ் டிரம்மும் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்) மாறி மாறி விழுகின்றன. இரண்டும் சேர்ந்து நொடிக்கு 16. அடுத்த பகுதியில் இரண்டு கால்களும் சேர்ந்து பேஸ் டிரம்மில் அதே 16-ஐ விடாமல் மிதிக்கின்றன, ஸ்நேர் மட்டும் நொடிக்கு ஒன்றாகக் குறைகிறது. கித்தார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சுரக்கோவை) மாறவே இல்லை. அடிவீதமும் இறங்கவில்லை. ஆனாலும் கேட்பவர் 'பாட்டு மெதுவாகிவிட்டது, கனமாகிவிட்டது' என்பார். தலையாட்டுவதும் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைந்துவிடும். இந்த இறக்கத்துக்குப் பேர்போனவர்கள் சஃபோகேஷன் குழுவினர். 1991-இல் வந்த அவர்களின் முதல் முழு ஆல்பத்திலேயே கேட்கலாம். உடம்பு இயல்பாகப் பிடித்துக்கொள்ளும் துடிப்பு ஏறத்தாழ அரை நொடிக்கு ஒன்று. அதற்குப் பக்கத்தில் எது அழுத்தமாக விழுகிறதோ அதைத்தான் காது அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. ஸ்நேர் அந்த அளவுகோலைக் கொடுக்கும் கருவி. கால்கள் என்னதான் ஓடினாலும் அவை பின்னணிக்குப் போய்விடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. டெத் மெட்டலுக்கு உறவான பிளாக் மெட்டல் இசையில் பிளாஸ்ட் பீட் நிமிடக் கணக்கில் ஓடும், கித்தார் ஒரே சுரத்தைப் படபடவென்று மீட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் அந்தச் சுரம் நான்கு நொடிக்கு ஒருமுறைதான் மாறும். கேட்பவருக்கு அது மிதப்பது போல் இருக்கிறது. அதே அடிவீதத்தில் நெக்ரோஃபேஜிஸ்ட் என்ற டெத் மெட்டல் குழு வாசித்தால் மூச்சு முட்டுகிறது, ஏனென்றால் அங்கே அடிக்கு அடி சுரம் மாறுகிறது, சொற்கட்டு எங்கே முடியும் என்று ஊகிக்க முடிவதில்லை. நொடிக்கு எத்தனை அடி என்பதைவிட நொடிக்கு எத்தனை புதுச் செய்தி என்பதைத்தான் காது வேகமாக எடுத்துக்கொள்கிறது என்பது என் எண்ணம். ஆர்க்ஸ்பையர் குழுப் பாடகரின் குரல் அவர்களின் டிரம்மைவிட வேகமாகத் தோன்றுவதும் இதனால்தான். சாதாரணப் பேச்சு நொடிக்கு நாலைந்து அசை. பேசத் தெரிந்த எவருக்கும் அந்த எல்லை நாக்கிலேயே தெரியும், அதை மீறினால் உடனே உறைக்கும். இரண்டு கால்களால் டிரம் மிதிப்பது எவ்வளவு கடினம் என்பது மிதித்தவருக்குத்தான் தெரியும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

> உணர்வேகம் எளிதாக இருக்கிறது, பார்த்ததும் புரிகிறது.

ஐயா, புரிவதுதான் ஆபத்து. உணர் + வேகம் என்று நீங்கள் சேர்த்தீர்கள். படிப்பவர் உணர்வு + ஏகம் என்றும் பிரிக்கலாம். புணர்ச்சி விதிப்படி அதுவும் சரி. வேதாந்தக் கட்டுரைக்கு நல்ல சொல். கேள்விரைவில் கேள்வி என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது, விடை எங்கே என்று தேடத் தோன்றுகிறது. வேகம் வடசொல் என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. விரைவு என்றாலும் வேகம் என்றாலும் அளவிடும் கருவியின் வாசம் வருகிறது என்பதே என் குறை.

காதில் தோன்றும் வேகத்துக்கு என் பரிந்துரை: முடுகு.

தொல்காப்பியம் சொல்லும் இருபது வண்ணங்களில் (செய்யுளின் சந்த வகைகளில்) உருட்டு வண்ணம், முடுகு வண்ணம் என்று இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. உருட்டு வண்ணம் அராகம் தொடுப்பது, அதாவது குறில்கள் தொடர்ந்து உருண்டு வருவது. முடுகு வண்ணமும் அப்படியே, ஆனால் முடிவு தெரியாமல் செய்யுளின் அடியை, அதாவது வரியை, தாண்டி ஓடும். இரண்டிலும் குறில்தான், இரண்டும் வேகம்தான். செய்யுள் அடியின் எல்லை காதில் விழாமல் ஓடுவதுதான் முடுகுக்குத் தனி அடையாளம். தாள வட்டத்தைத் தாண்டிப் போகும் டெக்னிகல் டெத் மெட்டல் (வாசிப்புச் சிக்கல் கூடிய வகை) ரிஃபைக் கேட்கும்போது எனக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்கவில்லை. அடிவீதம் மாறாமலே முடுகு கூடலாம், குறையலாம். சஃபோகேஷன் இறக்கத்தில் முடுகு குறைகிறது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

உருட்டும் நமக்குத் தேவை. 300 சொடுக்கு வேகத்தில் நான்கு நான்காக அடித்தால் நொடிக்கு 20 அடி, ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் 50 மில்லிநொடி. ஏறத்தாழ இந்த இடத்திலிருந்து தனித்தனி அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு ரீங்காரமாகத் தொடங்குகின்றன. தாழ்ந்த சுரத்தின் எல்லையும் 20 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இருக்கிறது. கிராவிட்டி பிளாஸ்ட் என்ற உத்தியில், ஸ்நேரின் விளிம்பைத் தாங்குபுள்ளியாக வைத்துக் குச்சியை மேலும் கீழும் ஆட்டி ஒரே கையால் இரட்டிப்பு அடி எடுக்கிறார்கள். காதில் அது அடிகளாக விழுவதில்லை, ஒரு பரப்பாக விழுகிறது. அடிவீதம் ஏற ஏற முடுகு ஏறும், ஓர் இடத்துக்கு மேல் அது உருட்டாக மாறி, முடுகு இறங்கிவிடும். இந்தத் திருப்பத்தைச் சொல்ல இரண்டு சொற்களும் இணையாக வேண்டும்.

கித்தாரிலும் இதே கதை. ஏழு தந்திக் கித்தாரின் தடித்த தந்தி பி சுரத்தில் ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. நொடிக்கு 16 சுரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 62.5 மில்லிநொடி. அதற்குள் தந்தி நான்கு முறைகூட முழுதாக அதிர்ந்து முடிப்பதில்லை. என்ன சுரம் என்று காது முடிவுகட்டும் முன் அடுத்தது வந்துவிடுகிறது. பேஸ் டிரம்மை 'டிக் டிக்' என்று கேட்கும்படி கலவை செய்வதன் காரணமும் இதுதான்: தாழ்ந்த அலைவெண்ணில் குழம்பிக் கிடப்பதை மேல் அலைவெண்ணில் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சத்தம் தட்டச்சுப்பொறி போல் இருக்கிறது என்று திட்டுபவர்கள், அது இல்லாமல் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

> முடுக்கம் இயற்பியலில் இருக்கிறது. குழப்பாதா?

முடுக்கு பிறவினை, அதிலிருந்து முடுக்கம். முடுகு தன்வினை. பாட்டே முடுகுகிறது, யாரும் முடுக்குவதில்லை. பாட்டின் நடுவே டெம்போ படிப்படியாக ஏறுவதற்கு முடுக்கம் என்பதை விட்டுவிட்டு 'வேகமெடுத்தல்' என்றே எழுதினால் மோதல் வராது.

அடுத்தது, பாட்டின் தீவிரத்துக்கு வந்த செறிவு. பள்ளிப் பாடநூலில் ஒலிச்செறிவு என்பது ஓரலகுப் பரப்பின் மேல் ஒரு நொடியில் விழும் ஆற்றல், காதில் உணரப்படுவது உரப்பு. பத்து டெசிபெல் கூடினால் உரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகத் தோன்றும். நாம் தேடுவது இந்த இரண்டும் இல்லை. ஒலியளவைக் குறைத்து வைத்துக் கேட்டாலும் கார்கட்ஸ் குழுவின் 1998 ஆல்பம் 'ஆப்ஸ்க்யூரா' நம்மைப் பிடித்து உலுக்குகிறது. அதன் மெதுவான பகுதிகளும் அப்படித்தான். அங்கே வேலை செய்வது கரகரப்பு: நெருங்கிய இரண்டு அலைவெண்கள் மோதி, நொடிக்குப் பல பத்து முறை ஏறி இறங்குவதைக் காது முரடாக உணர்கிறது. உறுமல் குரலிலும் அதே முரடு இருக்கிறது. இதோடு சிரமம் என்று ஒன்றையும் சேர்க்க வேண்டும். நெக்ரோஃபேஜிஸ்ட்டின் 1999 ஆல்பத்தில் டிரம் வாசித்தது இயந்திரம். முடுகுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒவ்வோர் அடியும் ஒரே அழுத்தத்தில் விழும்போது, ஒரு மனிதர் தன் எல்லையில் நின்று அடிக்கிறார் என்ற பதற்றம் எனக்கு வருவதில்லை. இதில் கருத்து வேறுபாடு இருக்கும், தெரியும்.

கரகரப்பும் சிரமமும் சேர்ந்த இந்தத் தீவிரத்துக்கு ரசிகர்கள் ஏற்கெனவே உக்கிரம் என்கிறார்கள். நான் அதை அப்படியே விட்டுவிடுவேன். வீறு என்று பரிந்துரைத்தவருக்கு: நல்ல சொல்தான், ஆனால் வீறுநடை, வீறுகொண்டு எழு என்று மேடைப்பேச்சில் தேய்ந்துவிட்டது, அதில் நிமிர்வு இருக்கிறதே தவிர முரடு இல்லை. முடுகும் உக்கிரமும் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கும் என்பதை மட்டும் வரையறையிலேயே எழுதிவிடுவோம்.

கடைசியாக ஒன்று. உருட்டு என்ற சொல்லுக்கு இப்போது இளைஞர்களிடம் கதைவிடுதல் என்ற பொருள்தான் முதலில் வருகிறது. 'இந்த டிரம்மர் அருமையாக உருட்டுகிறார்' என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்ளலாம். உருள்வு என்று மாற்றினால் போதுமா, அல்லது வேறு சொல் இருக்கிறதா? முடுகை ஏற்காதவர்களும் இதற்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள்.