ஆதியிடம் யார் சொல்வது?

குழு: நம் வீட்டார்
சனிக்கிழமை

[மாலை 6:12] மாலதி: ரவி மாமா, காலையில் நீங்கள் குழுவில் போட்ட காணொளியை ஆதி என் கைபேசியில் பார்த்துவிட்டான். அவன் பார்க்கும் டோரேமான் கார்ட்டூனில் வரும் சிறுவன் நோபிதா மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கும் பையன் என்றும், எதிர்காலத்திலிருந்து வந்து அவனுக்கு உதவும் பூனை ரோபோ டோரேமான் அவன் கண்ட கனவு என்றும், இதுதான் கடைசிப் பகுதி என்றும் அதில் சொல்கிறார்கள். மதியத்திலிருந்து அழுதுகொண்டே இருக்கிறான். நாளைய பிறந்தநாளுக்குக் கட்டிய நீலத் தோரணத்தை அவிழ்க்கச் சொல்கிறான்.

[6:15] ரவி மாமா: எனக்கு வந்ததை அப்படியே அனுப்பிவிட்டேன், மாலதி. உண்மை என்றுதான் நினைத்தேன்.

[6:16] அத்தை: எதையும் பார்க்காமல் அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது?

[6:19] பெரியப்பா: பொம்மைப் படத்துக்காக ஒரு பிள்ளை இவ்வளவு அழுகிறான் என்றால், அதை நிறுத்த இதுவே நல்ல சமயம். முடிந்துவிட்டது என்றே இருக்கட்டும்.

[6:20] மாலதி: அப்பா, பொய்யைச் சொல்லி நிறுத்த வேண்டாம்.

[6:31] கதிர்: இப்போதுதான் பார்த்தேன், அக்கா. அப்படி ஒரு முடிவை இந்தக் கதையைப் படைத்தவர் வரையவே இல்லை. ஜப்பானில் பல ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பிய வதந்தி இது. ஊர் ஊராகச் சுற்றி இப்போது நம் குழுவுக்கு வந்திருக்கிறது. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற பெயரில் வரைந்த ஹிரோஷி ஃபுஜிமோட்டோ 1996 செப்டம்பரில், 62 வயதில் இறந்தார். அப்போது அவர் கையில் இருந்தது, நோபிதாவும் நண்பர்களும் சாவி கொடுத்தால் இயங்கும் பொம்மைகளுக்கு ஒரு நகரம் அமைக்கும் கதை. மீதியை உதவியாளர்கள் வரைந்து முடித்தார்கள். ஆகவே கடைசிக் கதை என்று அவர் எழுதிவைத்துப் போனது எதுவும் இல்லை.

[6:33] ரவி மாமா: டோரேமானுக்குக் குரல் கொடுத்த அம்மையார் இறந்துவிட்டார் என்றும் அதில் வந்ததே, அதுவும் பொய்யா?

[6:38] கதிர்: அது உண்மை, மாமா. நொபுயோ ஓயாமா 2024 செப்டம்பரில் காலமானார். நோபிதாவுக்குக் குரல் கொடுத்த நொரிகோ ஓஹாராவும் அதே ஆண்டு ஜூலையில் காலமானார். 1979 முதல் 2005 வரை, 26 ஆண்டுகள் அந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வீட்டில் ஒருவர் போனதைப் போன்ற இழப்பு. ஆனால் 2005-லேயே முக்கியக் குரல்கள் எல்லாம் ஒருசேர மாறிவிட்டன. அன்றிலிருந்து வசாபி மிசுதா டோரேமானாகப் பேசிவருகிறார். தொடர் நிற்கவில்லை.

[6:40] செந்தில்: நோபிதாவை அடித்து மிரட்டும், காது கிழியப் பாடும் ஜியானுக்கு இப்போது யார் குரல் என்று யாரும் கேட்கவில்லையே.

[6:41] அத்தை: எங்கள் ஜியான் நீதானே, செந்தில். கல்யாண வீட்டில் நீ ஒலிபெருக்கியைப் பிடித்துப் பாடியதை இன்னும் யாரும் மறக்கவில்லை.

[6:44] பெரியப்பா: பேச்சை மாற்றாதீர்கள். படிக்காத பையன், அழுதால் ஓடிவந்து பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துக் கொடுக்கும் பூனை. இதைப் பார்க்கும் பிள்ளைக்கு உழைப்பு எப்படி வரும்?

[6:58] கதிர்: பெரியப்பா, இதை நீங்கள் அன்றும் சொன்னீர்கள். எனக்கு எட்டு வயது; கோடை விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது தொலைக்காட்சியை அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, இன்று சொல்கிறேன். ஞாபக ரொட்டி என்று ஒரு கதை உண்டு. ரொட்டித் துண்டைப் பாடப்புத்தகப் பக்கத்தின் மேல் அழுத்தினால் எழுத்து அப்படியே அதில் பதியும். அதைத் தின்றால் பக்கம் முழுவதும் மனப்பாடம். தேர்வுக்கு முந்தைய நாள் நோபிதா பக்கம் பக்கமாக அழுத்தி, வயிறு வெடிக்கும் அளவுக்குத் தின்கிறான். பிறகு வயிறு கலங்கிக் கழிப்பறைக்குப் போகிறான். தின்றது வெளியேறியதும் படித்ததும் போய்விடுகிறது. பல கதைகள் இப்படித்தான்: கருவி முதலில் உதவும், அவன் பேராசையால் அல்லது பழிவாங்கும் ஆத்திரத்தால் அதை அளவு மீறிப் பயன்படுத்துவான், அது அவன் மேலேயே திரும்பும். உழைக்காமல் பிழைக்கலாம் என்று இந்தத் தொடர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

[6:59] செந்தில்: அந்தப் பூட்டின் சாவி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

[7:00] பெரியப்பா: எனக்கும் தெரியும், செந்தில்.

[7:03] அத்தை: அண்ணா, அவர்கள் சின்னப் பிள்ளைகள், விடுங்கள். என் மகள் இதை இந்தியில் பார்த்தே அந்த மொழியைப் பேசக் கற்றுக்கொண்டாள்.

[7:05] கதிர்: அதனால்தான், அத்தை, 2013-இல் வங்கதேச அரசு இந்திக் குரலில் வந்த டோரேமானை நிறுத்தியது. பிள்ளைகள் வங்காளத்தை விட்டு இந்தியில் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று அங்கே கவலை. ஆதி தமிழில்தான் பார்க்கிறான், அது நல்லது.

[7:08] மாலதி: தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். அவனிடம் நான் என்ன சொல்ல? கதை எப்போது முடியும், எப்படி முடியும் என்று கேட்கிறான்.

[7:24] கதிர்: அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன், அக்கா, கொஞ்சம் நீளும். டோரேமான் முதலில் படக்கதையாக ஜப்பானில் 1970 ஜனவரி இதழ்களில் தொடங்கியது. பள்ளிக்கே போகாத குழந்தைகளுக்கானதிலிருந்து நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது வரை, வயதுக்கு ஒன்றாக ஆறு மாத இதழ்களில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கதையாக வந்தது. நான்காம் வகுப்பை முடிக்கும் பிள்ளை அந்த இதழை விட்டுப் போய்விடுவான். அவனுக்கு அதோடு டோரேமான் இல்லை. அப்படிப் போகிறவர்களுக்காக ஃபுஜிமோட்டோ 1971-லும் 1972-லும் பிரிவுக் கதைகளை வரைந்தார். நன்றாகக் கவனியுங்கள்: கதை முடிந்ததால் வந்த பிரிவு அல்ல அது, வாசகன் வளர்ந்ததால் வந்த பிரிவு. 1974 மார்ச்சில் மூன்றாம் வகுப்பு இதழில் இன்னொன்று வந்தது. டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்ப வேண்டும். கடைசி இரவு தூக்கம் வராமல் இருவரும் வெளியே நடக்கிறார்கள். கண்ணீரை மறைக்க டோரேமான் தனியே ஒதுங்கிய நேரத்தில் நோபிதா, தூக்கத்தில் நடந்துவரும் ஜியானிடம் மாட்டிக்கொள்கிறான். டோரேமானைக் கூப்பிட வாயெடுத்தவன் கூப்பிடவில்லை. தான் தனியாக வெல்லாவிட்டால் டோரேமானால் நிம்மதியாகப் போக முடியாது என்று, அடி வாங்கி வாங்கி எழுந்து, ஜியானே சலித்து விட்டுவிடும்வரை அவனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். காலையில் விழிக்கும்போது அறையில் டோரேமான் இல்லை.

[7:26] அத்தை: இதைப் படித்ததும் எனக்கே கண் கலங்குகிறது.

[7:27] மாலதி: இதைச் சொன்னால் அவன் இன்னும் அழுவான்.

[7:35] கதிர்: அடுத்த மாதமே திரும்பி வந்துவிடுகிறான், அக்கா! ஏப்ரல் இதழ், அதே பிள்ளைகள் இப்போது நான்காம் வகுப்பில். டோரேமான் வந்துவிட்டான் என்று ஜியானும் அவன் கூட்டாளி சுனியோவும் பொய் சொல்லி நோபிதாவை ஏமாற்றுகிறார்கள். டோரேமான் விட்டுச்சென்ற பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு மருந்து. குடித்தவன் எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும். அவர்களைப் பழிவாங்கிய பிறகும் நோபிதாவுக்கு மனம் ஆறவில்லை; இனி டோரேமான் திரும்பவே மாட்டான் என்று சோர்ந்து சொல்கிறான். அவன் சொன்னது பொய்யாகி, அறைக்குள் டோரேமான் நிற்கிறான். 50 ஆண்டுகள் தாண்டியும் இந்தத் தொடர் நிலைப்பதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். எனக்கு இந்த இரண்டு மாதங்கள்தான் காரணம். நோபிதா நம் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்த பையன், ஷிசுகா எதிர்வீட்டுப் பெண், சுனியோ புதுப் பொருளைக் காட்டிப் பெருமையடிக்கும் தோழன். அவர்கள் யாரும் வளர்வதில்லை. நாம் வளர்ந்து விலகுகிறோம், அடுத்த பிள்ளை வந்து உட்காரும்போது அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். நான் விட்ட இடத்தில் ஆதி உட்கார்ந்தான்.

[7:41] பெரியப்பா: பிரிவுக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. அது தொலைக்காட்சியில் வருமா?

[7:43] கதிர்: இந்த இரண்டு கதைகளையும் வேறு சில கதைகளோடு சேர்த்து 2014-இல் முப்பரிமாண அசைவுப் படமாக எடுத்தார்கள், பெரியப்பா. நாளை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்பது என் விருப்பம்.

[7:45] மாலதி: பிறந்தநாளன்று பிரிவுக் காட்சி வேண்டுமா என்று யோசிக்கிறேன். அவன் இப்போதே வாடிப்போய் இருக்கிறான்.

[7:46] ரவி மாமா: திரும்பி வரும் பகுதியை மட்டும் காட்டலாமே.

[7:47] கதிர்: போனதைப் பார்க்காமல் வந்ததை மட்டும் பார்த்தால் என்ன இருக்கிறது, மாமா?

[7:52] பெரியப்பா: ஏழு மணி நேரமாக அழுத பிள்ளைக்கு முதலில் அந்த மருந்துக் கதையை யாராவது வாயால் சொல்லுங்கள். படத்தை நாளை நான் வந்ததும் பார்த்துக்கொள்வோம்.

[7:53] அத்தை: நீங்களே சொல்லுங்கள், அண்ணா. தாத்தா சொன்னால் நம்புவான்.

[7:58] பெரியப்பா: கதிர், பொய்யாக்கும் அந்த மருந்தை அவன் எப்போது குடிக்கிறான்? ஜியான் ஏமாற்றுவதற்கு முன்பா, பின்பா?

[7:59] கதிர்: பின்பு, பெரியப்பா.

[8:04] மாலதி: அப்பா அழைத்துவிட்டார். ஆதி கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான். தோரணத்தை இன்னும் அவிழ்க்கவில்லை.