கஞ்சாவில் 20 கிலோ என்ற கோடு: என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) வழக்கில் நீங்கள் பார்த்ததைப் பகிருங்கள்

வழக்கறிஞர், தென் மாவட்டம்:

நானே ஆரம்பிக்கிறேன். ஜூனியராகச் சேர்ந்த இரண்டாவது வருடம் வந்த வழக்கு. பையனுக்கு 22 வயது. ஆந்திரப் பக்கமிருந்து ரயிலில் இரண்டு கஞ்சா பைகளைக் கொண்டுவந்து இங்கே ஒருவரிடம் சேர்த்தால் 5,000 ரூபாய் கூலி. இறங்கின இடத்திலேயே பிடித்துவிட்டார்கள். மஹஜரில், அதாவது கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணத்தில், எழுதிய எடை 21 கிலோ 400 கிராம்.

அந்த 1 கிலோ 400 கிராமைச் சுற்றித்தான் மொத்த வழக்கும். கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. அதற்கு மேல் 20 கிலோ வரை இருந்தால் 10 ஆண்டு வரை கொடுக்கலாம், ஆனால் குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று கிடையாது. ஆளைப் பார்த்து, சூழ்நிலையைப் பார்த்து நீதிபதி இரண்டு மூன்று ஆண்டோடு நிறுத்தலாம். 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. அப்புறம் 10 ஆண்டுக்குக் கீழே இறங்க வழியே இல்லை, 20 ஆண்டு வரை ஏறலாம், அபராதமும் ஒரு லட்சத்துக்குக் குறையாது. 2001 திருத்தத்துக்கு முன் கஞ்சாவுக்கு அதிகபட்சமே 5 ஆண்டுதான் என்று சீனியர் சொன்னபோது நான் நம்பவில்லை, பழைய சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிப் பகுதி. நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் வராது. எங்கள் பைகளில் இலை, தண்டு எல்லாம் இருந்தன, பிளாஸ்டிக் உறையும் டேப்பும் பிரிக்காமலே எடை போட்டிருந்தார்கள். பிரித்து எடை போட்டிருந்தால் 20 கிலோவுக்குள் வந்திருக்கும் என்று வாதாடினோம். எடுபடவில்லை.

தண்டனையைப் பற்றிச் சொல்ல ஏதாவது உண்டா என்று நீதிபதி கேட்டார். "அம்மா மட்டும்தான் இருக்காங்கய்யா" என்றான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதற்குக் கீழே கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, தம்பி" என்று சொல்லிவிட்டு 10 ஆண்டு என்று எழுதினார். அனுப்பியவன் யார், வாங்க இருந்தவன் யார் என்று கேஸ் கட்டில் ஒரு வரிகூட இல்லை. அனுப்பியவன் பிடிபட்டிருந்தாலும் ஆரம்பம் இதே 10 ஆண்டுதான். முதலாளிக்கும் கூலிக்கும் ஒரே தராசு என்பதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு அக்கா, திண்டுக்கல் பக்கம்:

என் தம்பி லோடு வண்டி ஓட்டினவன். வெங்காய மூட்டைக்கு அடியில் 40 கிலோ இருந்தது. தெரியாது என்று அவன் சொன்னால் போதாதாம், தெரியாது என்பதை நாங்கள்தான் நிரூபிக்க வேண்டுமாம். தெரியாததை எப்படி நிரூபிப்பது? வண்டியில் ஏற்றிவிட்டவன் போன் அன்றைக்கே அணைந்துவிட்டது.

ஜாமீன் நான்கு தடவை போட்டோம். இந்த அளவு என்றால், குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயம் இருக்கிறது எனக் கோர்ட்டே திருப்திப்பட்டால்தான் வெளியே விட முடியும் என்றார்கள். 37ஆம் பிரிவு என்று இப்போது எனக்கு மனப்பாடம். மற்ற வழக்கில் 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் வெளியே வரலாம். இதில் அதுவே 180 நாள்.

இப்போது 10 ஆண்டு தண்டனையில் உள்ளே இருக்கிறான். அபராதம் ஒரு லட்சம் கட்டாவிட்டால் மேலும் 2 வருடம். மனு போட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம் என் அம்மா கேட்பது ஒன்றுதான், அண்ணா பிறந்தநாளுக்கு விடுவார்களா என்று. இந்தச் சட்டத்தில் தண்டனைக் குறைப்பே கிடையாது என்று ஒவ்வொரு செப்டம்பரும் அவருக்கு நான்தான் சொல்கிறேன்.

ஒரு அம்மா, சென்னை:

மன்னிக்க வேண்டும், நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லப் போகிறேன். என் சின்ன மகன் ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பழக்கத்தில் விழுந்தான். ஸ்கூல் பக்கத்துச் சந்தில் பொட்டலம் விற்றவனிடம்தான் வாங்கினான். மூன்று வருடம் நாங்கள் பட்டதை எழுத எனக்குக் கை வரவில்லை. வித்தவனுக்கு 10 வருடம் அதிகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மேலே எழுதிய அக்காவின் தம்பியை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது, அதற்காக என் கோபம் போய்விடவில்லை.

ஆனால் அந்தச் சந்துக்காரனைப் பிடித்தபோது அவனிடம் இருந்தது கால் கிலோ. எப்போதும் அவ்வளவுதான் வைத்திருப்பான். சில வாரத்தில் அதே டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். நான் பால் வாங்கப் போகும் வழி அது. பள்ளிக்கூடத்துப் பக்கம் விற்றால் தண்டனையைக் கூட்டலாம் என்று சட்டத்தில் இருக்கிறதாமே, அது அவன் விஷயத்தில் பேச்சுக்குக்கூட வரவில்லை.

வழக்கறிஞர், தென் மாவட்டம்:

அம்மா, நீங்கள் சொல்வது 32பி பிரிவு. குறைந்தபட்சம் என்று ஒன்று இருக்கும் இடத்தில் அதற்கு மேல் எவ்வளவு ஏற்றுவது என்று பார்க்கத்தான் அது. கால் கிலோவுக்குக் குறைந்தபட்சமே கிடையாது என்பதால் அங்கே அது போய்ச் சேருவதில்லை. உங்கள் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

திண்டுக்கல் சகோதரிக்கு: மேல்முறையீடு போட்டீர்களா? நாள் கடந்திருந்தாலும் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போடலாம். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 10 ஆண்டு அசையாவிட்டாலும் அபராதத்துக்குப் பதிலான அந்த 2 வருடத்தைக் குறைக்கக் கேட்கலாம். 2012இல் ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி 3 ஆண்டை 6 மாதமாக்கியது. தீர்ப்பு நகல், மஹஜர் நகல், ரசாயனப் பரிசோதனை அறிக்கை மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.