கையில் இருக்கும் காசில் பழைய கணினியைத் தேற்றியவர்கள் சொல்லுங்கள்

எங்கள் வீட்டுக் கணினிக்கு வயது பன்னிரண்டு. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், 4 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்), ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து முடித்து வந்தால் பிரவுசர் திறக்கும் நிலையில் இருக்கும். மகளின் இணைய வகுப்பு, மனைவியின் கணக்கு வேலை, என் மொழிபெயர்ப்பு மூன்றும் அதில்தான். புதிதாக வாங்க இப்போது வசதியில்லை. ஏதாவது ஒரு பாகத்தை மாற்றலாம் என்ற அளவுக்குத்தான் கையில் காசு.

எந்தப் பாகம் என்பதில் ஆளுக்கொரு கட்சி. கிராபிக்ஸ் கார்டு போட்டால் பறக்கும் என்றார் மைத்துனர். பிராசஸரை மாற்று என்றான் தம்பி. இருவருமே அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் அல்லர்.

ஒரு வாரம் எதையும் வாங்காமல் இருந்தேன். கணினி திணறும்போதெல்லாம், எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எது உச்சத்தில் இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்தேன். பிராசஸர் பெரும்பாலும் முப்பது சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் நூறிலேயே நின்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த நூறு சதவீத உழைப்பில் வினாடிக்கு ஒன்றரை மெகாபைட்கூட நகரவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு நேராக வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை சரியான தடத்துக்கு நகரும் நேரம் தனி. இரண்டையும் கூட்டினால் சிதறிக் கிடக்கும் துண்டுகளில் வினாடிக்கு நூறைப் படிப்பதே பெரும்பாடு. பெரிய வீடியோ கோப்பு தொடர்ச்சியாகக் கிடப்பதால் வேகமாக வந்துவிடும். விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை. தகவலைச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலவும் நகரவும் எதுவும் இல்லாததால் இந்தக் காத்திருப்பே கிடையாது.

ஆகவே, ஹார்ட் டிஸ்க்போலவே சாட்டா கேபிளில் இணையும் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கினேன். பழையதை அப்படியே நகலெடுத்துவிடலாம் என்று நினைத்தது நடக்கவில்லை. பழைய டிஸ்க்கில் 610 ஜிபி நிரம்பியிருந்தது, பெரும்பாலும் படங்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவி, பழைய டிஸ்க்கைப் படங்களுக்கென்று விட்டுவிட்டேன். பெட்டியைத் திறந்த பிறகு இன்னொரு சிக்கல்: உள்ளே இருந்தவை இரண்டே சாட்டா கேபிள்கள். ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், மற்றொன்று டிவிடி டிரைவில். டிவிடியைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினோம் என்று யாருக்கும் நினைவில்லை, அதிலிருந்து உருவிக்கொண்டேன். எஸ்எஸ்டியைப் பொருத்த அந்தப் பழைய பெட்டியில் இடமும் இல்லை. இருபுறமும் ஒட்டும் டேப்பால் பக்கத் தகட்டில் ஒட்டிவைத்தேன். அசையும் உறுப்பு ஏதும் இல்லாத பொருள்தானே, இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

பொத்தானை அழுத்தியதிலிருந்து பிரவுசர் திறக்கும்வரை முன்பு 4 நிமிடம் 10 வினாடி ஆனது. இப்போது 41 வினாடி. மகள் கைப்பேசியில் நேரம் பார்த்துச் சொன்னாள்.

மிச்சக் காசு கொஞ்சம் இருக்கிறது. பத்துப் பக்கங்களைத் திறந்தால் ரேம் 92 சதவீதத்தைத் தொடுகிறது. அடுத்து ரேமா, பிராசஸரா? இல்லை, இதற்குமேல் இந்தப் பெட்டியில் காசு போடுவதே வீணா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

* * *

ரேமுக்கே என் ஓட்டு. ஆனால் வாங்கும் முன் என் கதையைக் கேட்டுவிடுங்கள்.

என் கணினியும் உங்களுடையதன் வயதுதான். ரேம் என்றால் ரேம் என்று நினைத்து, அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்4 வாங்கி வந்தேன். செருகினால் இறங்கவில்லை. புதிய பொருள், இறுக்கமாக இருக்கும் என்று கட்டைவிரலால் அழுத்தினேன். நல்லவேளை, தாழ்ப்பாள் ஒன்று உடைந்ததோடு தப்பித்தேன். என் கணினிக்குரிய டிடிஆர்3க்கு 240 கால்கள், டிடிஆர்4க்கு 288. நடுவில் உள்ள வெட்டும் ஒரே இடத்தில் இருக்காது. தவறானது உள்ளே போகக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள், நான் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். உறையைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள்.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் எந்த வகை ரேம், எத்தனை துண்டுகள், எந்தத் துளையில் எது என்று எல்லாம் காட்டிவிடும். உங்கள் நான்காம் தலைமுறை மேசைக் கணினிக்கு டிடிஆர்3தான். ஏற்கெனவே இருப்பது ஒற்றை 4 ஜிபி துண்டு என்றால் அதே அளவில், அதே வேகத்தில் இன்னொன்றைச் சேருங்கள். இரண்டு துண்டுகள் சரியான துளைகளில் இருந்தால் பிராசஸர் இரண்டு தடங்களிலும் ஒரே நேரத்தில் படிக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைக்கான நினைவகமும் இதிலிருந்தே போவதால் வேறுபாடு தெரியும்.

இன்னொன்று. ரேம் போதாதபோது விண்டோஸ் மீதியை டிஸ்க்கில் எழுதிவைத்துச் சமாளிக்கும். ஹார்ட் டிஸ்க் இருந்தவரை உங்களை இரண்டு பக்கமும் அடித்தது இதுதான். எஸ்எஸ்டி வந்ததும் அடி குறைந்திருக்கும், நிற்காது.

* * *

நான் ஒரு பைசாவும் செலவழிக்கவில்லை, தூசிதான் தட்டினேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. பத்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு ஆமையாகும். வெப்பநிலை காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் பிராசஸர் 97 டிகிரியில் கொதிக்கிறது. அவ்வளவு சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறியைக் கழற்றினால் அடியில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. பிராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்தது. துடைத்து, பயறளவு புதிய பேஸ்ட் வைத்தேன் (நண்பர் வீட்டில் மிச்சமிருந்தது). இப்போது 70ஐத் தாண்டுவதில்லை.

காற்றடித்துத் தூசி போக்குபவர்கள் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழலவிட்டால் தாங்கி பழுதாகும்.

* * *

மைத்துனர் பேச்சைக் கேட்காமல் தப்பித்தீர்கள். நான் கேட்டேன். மைத்துனர் இல்லை, அலுவலக நண்பர்.

ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினியை மலிவாக வாங்கியிருந்தேன். மகன் விளையாட ஆசைப்பட்டதால் கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதற்கு எட்டுக் கால் மின் இணைப்பு வேண்டும். பாகங்கள் எல்லாம் பொருந்தும் மதர்போர்டின் துளை கொடுப்பது 75 வாட் மட்டுமே. எட்டுக் கால் இணைப்பு இன்னொரு 150 வாட் தரும், ஆனால் என் பவர் சப்ளையில் அந்த வயரே இல்லை. அதன் மொத்தத் திறனே 240 வாட். சரி, பவர் சப்ளையை மாற்றலாம் என்று போனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அந்தத் தயாரிப்பாளர் மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பைத் தனக்கென்று ஒரு வடிவத்தில் செய்திருந்தார். சந்தையில் கிடைக்கும் பவர் சப்ளை பொருந்தாது. மாற்று வயர் தேடி வாங்கினேன். வயர் வந்தபோது கார்டு பெட்டியைவிட ஒரு விரற்கடை நீளம் என்று தெரிந்தது. பெட்டியை மாற்றலாம் என்றால் மதர்போர்டின் திருகுத் துளைகளும் வேறு மாதிரி.

கடைசியில் புதிய பெட்டி, புதிய மதர்போர்டு, புதிய பிராசஸர், புதிய ரேம். ஆசைப்பட்டது கார்டு ஒன்றுக்கு, வாங்கியது முழுக் கணினி, அதுவும் சில்லறை சில்லறையாக. முதலிலேயே முழுதாக வாங்கியிருந்தால் குறைவாக ஆகியிருக்கும். கணக்கைக் கூட்டி மனைவியிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

இப்படிப்பட்ட பெட்டிக்கு வெளி மின் இணைப்பே தேவைப்படாத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகள் இருக்கின்றன. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வரிசையில் பலவும் அப்படி, குட்டையான வடிவிலும் உண்டு. அன்று எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

* * *

கேள்வியின் கடைசிப் பகுதியை யாரும் தொடவில்லை. பிராசஸரில் காசு போடாதீர்கள். உங்கள் மதர்போர்டு மிஞ்சிப்போனால் ஐந்தாம் தலைமுறையோடு நின்றுவிடும், பெரும்பாலானவை நான்கோடு. ஐ5இலிருந்து ஐ7க்கு மாறினாலும் கணக்கு வேலையில் வேறுபாட்டைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். தலைமுறை மாறினால் மதர்போர்டும் மாறும், அதோடு ரேமும். கால்களின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதையும் நம்ப வேண்டாம். ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் 1151 கால்கள்தான், ஆனாலும் ஒன்றின் பலகையில் மற்றது வேலை செய்யாது.

அதைவிட முக்கியமானது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல். உங்களுடையது நான்கு. குறுக்கு வழியில் நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். மனைவியின் கணக்குகள் இருக்கும் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

நான் செய்தது: பழையதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். பிரவுசர், கடிதம் எழுதுவது, வகுப்பு எல்லாம் குறையில்லாமல் நடக்கின்றன. விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஒன்றுக்காகக் காசு சேர்த்து, எட்டாம் தலைமுறைப் பழைய கணினி ஒன்று வாங்கினேன். எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் போட்டுக்கொண்டேன். எஸ்எஸ்டியில் போட்ட காசு உங்களோடு வரும், டிடிஆர்3 ரேமில் போட்டது வராது. அதனால் ரேமை மட்டும் பயன்படுத்தியதாக, மலிவாக வாங்குங்கள். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். அது போகும்போது கூட இருப்பவற்றையும் கூட்டிக்கொண்டு போகும்.

* * *

கேள்வி கேட்டவன் மீண்டும் வந்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

சிபியு-இசட் ஒற்றைத் துண்டுதான் என்று காட்டியது. பயன்படுத்திய 4 ஜிபி டிடிஆர்3 ஒன்று வாங்கிச் செருகினேன். முதல் நாள் இரண்டு முறை விண்டோஸ் செயலிழந்து நீலத் திரை வந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ யுஎஸ்பியில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள். புதிதாக வந்த துண்டைத் தனியாகப் போட்டாலும் அதே வரிகள், பழையதைத் தனியாகப் போட்டால் ஒன்றுமில்லை. விற்றவர் முகம் சுளிக்காமல் வேறொன்று கொடுத்தார். அது ஒரு பிழையும் இல்லாமல் தேறியது. இப்போது பத்துப் பக்கங்கள் திறந்தால் 55 சதவீதம்.

தூசியும் தட்டினேன். ஒரு கைப்பிடி வந்தது.

பிராசஸர் எண்ணத்தைக் கைவிட்டாயிற்று. மகள் லினக்ஸை யுஎஸ்பியில் போட்டு ஒரு வாரம் பழகிப் பார்க்கிறாள், வகுப்பில் கேமராவும் மைக்கும் சரியாக வேலை செய்தன. மனைவியின் கணக்கு மென்பொருள் அதில் ஓடாது, அதற்கு வேறொரு கணினி வாங்கும்வரை விண்டோஸும் இருக்கும்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். படங்கள் இருக்கும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை, டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை, பெண்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் பகுதி) 16 என்று காட்டுகிறது. மிச்சக் காசுக்கு இப்போது வேறு வேலை வந்துவிட்டது. வெளியில் இணைக்கும் டிஸ்க் ஒன்று வாங்கி, 610 ஜிபியும் நகலாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஐந்து மணி நேரம் என்கிறது திரை, அரை மணி நேரத்துக்கு முன்பும் அதையேதான் சொன்னது.